மூலமும் நகலும்: வெக்டர் வரைகலையில் பிரதியெடுத்தலின் வரலாறு

வெக்டர் மென்பொருள் ஒரு வட்டத்தை நிறப்புள்ளிகளின் திரளாக வைத்துக்கொள்வதில்லை. மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, கோட்டின் தடிமன் என்ன, உள்ளே என்ன நிறம், எந்தப் பொருளுக்கு மேலே, எந்தப் பொருளுக்குக் கீழே என்ற விவரங்களாகத்தான் அது வட்டத்தை அறியும். அந்த வட்டத்தை நகலெடுப்பது என்றால் இந்த விவரங்களைப் பிரதியெடுப்பது. உடனே ஒரு கேள்வி எழுகிறது. இரண்டாவது வட்டத்துக்கு எல்லா விவரங்களையும் தனியாக எழுதிக்கொடுப்பதா, அல்லது முதல் வட்டத்தைச் சுட்டிக்காட்டி, ‘அதைப் போலவே இரு’ என்று சொல்லிவிடுவதா? தனியாக எழுதிக்கொடுத்தால் நகல் சுதந்திரமானது. மூலம் மாறினாலும் அது மாறாது. சுட்டிக்காட்டினால் நகல் மூலத்தோடு கட்டுண்டது. கணினியில் படம் வரையும் கலையின் அறுபது ஆண்டு வரலாறு நெடுக இந்த இரண்டு வழிகளும் மாறி மாறி மேலெழுந்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், முதலில் வந்தது கட்டுண்ட நகல்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஐவன் சதர்லேண்ட், 1963-இல் தன் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைச் சமர்ப்பித்தார். ஆய்வுக்கு வழிகாட்டியவர் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன். நிரல் ஓடியது லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்ற பெரும் கணினியில். மவுஸ் புழக்கத்துக்கு வராத காலம் அது. பயனர் ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு இழுப்பார். மற்றக் கட்டளைகளைப் பொத்தான்களாலும் குமிழ்களாலும் கொடுப்பார்.

ஸ்கெட்ச்பேடில் ஒரு வடிவத்தை ஒருமுறை வரைந்துவிட்டால் அதை மூல வரைபடமாக வைத்துக்கொண்டு, வேறொரு தாளில் வேண்டிய இடங்களில் எல்லாம் அதன் பதிவுகளை இடலாம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே நகர்த்தலாம், திருப்பலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆனால் அதன் உள்ளமைப்பு மூலத்திடமே இருக்கும். மூலத்தில் ஒரு கோட்டை மாற்றினால் அத்தனை பதிவுகளிலும் அது மாறிவிடும். சதர்லேண்ட் தன் ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். ஓர் அறுகோணத்தை வரைந்து, அதன் பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, அந்தக் கூட்டத்தையே மறுபடி ஒரு மூலமாகக் கொண்டு, தேன்கூடு போன்ற ஒரு பரப்பை உருவாக்குகிறார். 900 அறுகோணங்களை அமைக்க, எப்படிச் செய்வது என்று யோசித்த நேரத்தையும் சேர்த்து, அரைமணி நேரம் ஆனது. அதையே கையால் வரைய இரண்டு நாள் ஆகும் என்பது வரைவுப் பிரிவினரின் கணக்கு. அதைவிட முக்கியமானது அடுத்துச் செய்தது: மூல அறுகோணத்தின் உருவத்தை மாற்றியதும் பரப்பு முழுவதும் புதிய உருவத்துக்கு மாறியது.

இதற்கு அடிப்படை, கணினியின் நினைவகத்தில் விவரங்கள் கோக்கப்பட்டிருந்த விதம். ஒவ்வொரு மூலமும் தன் பதிவுகள் எவை என்பதை வளையம் போன்ற ஒரு தொடர்ச் சங்கிலியில் அறிந்து வைத்திருந்தது. 900 அறுகோணங்களின் ஆறாறு பக்கங்களையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டியதில்லை. ஓர் அறுகோணத்தின் விவரமும், மற்றவை ஒவ்வொன்றும் எங்கே, எந்தக் கோணத்தில், எந்த அளவில் நிற்கின்றன என்ற குறிப்பும் போதும். நினைவகம் பொன்னைப்போல் அருமையாக இருந்த நாளில் இது சிக்கனமும்கூட.

ஸ்கெட்ச்பேடில் நகலெடுத்தல் இன்னொரு பணியையும் செய்தது. இரண்டு கோடுகள் இணையாகவும் சம நீளத்திலும் இருக்க வேண்டும் என்ற விதியை ஒரு சிறு வரைபடமாக வரைந்து வைக்கலாம். பிறகு அந்த வரைபடத்தை நகலெடுத்து, படத்தில் உள்ள வேறு இரண்டு கோடுகளோடு இணைத்தால், அந்த விதி அவற்றின்மேல் வந்து அமரும். உருவத்தை மட்டுமல்ல, உறவையும் நகலெடுக்கலாம் என்ற இந்தக் கருத்து பின்னால் வந்த ஓவிய மென்பொருள்களில் பெரும்பாலும் இல்லாமலே போனது பெரிய இழப்பு.

அந்த யோசனைகள் உடனே பரவாததற்கு விலையே காரணம். ஒரு முழு அறையை அடைத்துக்கொள்ளும் கணினியை ஒருவர் படம் வரைய மட்டும் பயன்படுத்துவது ஆய்வகத்துக்கு வெளியே நினைத்துப் பார்க்க முடியாதது. சதர்லேண்டின் வழி ஓவியர்களிடம் அல்ல, பொறியாளர்களிடம்தான் முதலில் தங்கியது. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் அதை ‘பிளாக்’ என்ற பெயரில் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தது. ஒரு கதவையோ போல்ட்டையோ ஒருமுறை பிளாக்காக வரையறுத்துவிட்டு, கட்டட வரைபடம் முழுவதும் செருகிக்கொண்டே போகலாம். வரையறையை மாற்றினால் எல்லாக் கதவுகளும் மாறும். ஒன்றை மட்டும் தனியே மாற்ற வேண்டுமானால் அதற்கும் பின்னர் வழி வந்தது: ‘எக்ஸ்ப்ளோட்’ என்ற கட்டளை அந்த ஒன்றைத் தனிக் கோடுகளாக உடைத்து, வரையறையிடமிருந்து விடுவித்துவிடும்.

சுதந்திரமான நகல் பிறந்தது ஓவியத்தில் அல்ல, எழுத்தில். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1970-களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற உரைத்தொகுப்பானை உருவாக்கினார்கள். ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் தொகுப்பாசிரியர்களுக்கானது அது. அவர்கள் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு பக்கங்களை வெட்டி ஒட்டித் திருத்துகிறவர்கள். அவர்கள் கை பழகிய அந்த வேலையே திரையிலும் அமைய வேண்டும் என்பது இருவரின் எண்ணம்.

அதற்கு முன்பிருந்த உரைத்தொகுப்பான்களில் பெரும்பாலும் முதலில் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதன்பிறகே எங்கிருந்து, எங்கே என்று சொல்ல வேண்டும். இடையில் தவறான விசையை அழுத்தினால் வேறேதோ நடந்துவிடும். டெஸ்லர் வரிசையைத் திருப்பினார். முதலில் பொருளைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல். வெட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் போய்க் காத்திருக்கும். பயனர் அவசரமில்லாமல் வேறு பக்கத்தைத் திறந்து, வேண்டிய இடத்தைக் காட்டி ஒட்டலாம். இடையில் வேறு வேலை பார்த்தாலும் கெடுதலில்லை. எடுப்பதும் வைப்பதும் இரண்டு தனிச் செயல்களாகப் பிரிந்ததுதான் இங்கே நடந்த பெரிய மாற்றம். ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்கும், ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கும் பொருள் கடந்துபோகக் கதவு திறந்தது அதனால்தான்.

டெஸ்லர் 1980-இல் ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். 1983 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட லீசா கணினியில் வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் மூன்றும் விசைப்பலகையின் அடிவரிசையில் அடுத்தடுத்து இருக்கும் எக்ஸ், சி, வி விசைகளில் அமர்ந்தன. லீசாவோடு வந்த லீசாடிரா என்ற ஓவிய நிரலை எழுதிய மார்க் கட்டர், மறு ஆண்டு வந்த மெக்கின்டாஷுக்காக மெக்டிராவையும் உருவாக்கினார். செவ்வகம், நீள்வட்டம், கோடு ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாக மவுஸால் பிடித்து, நகலெடுத்து, ஒட்டும் பழக்கம் ஆயிரக்கணக்கான மேசைகளுக்கு இந்த நிரல்கள் வழியாகத்தான் வந்தது.

மெக்டிராவில் வரைந்த படம் மெக்ரைட் என்ற எழுத்து நிரலில் போய் ஒட்டிக்கொண்டது என்றால், இரண்டு நிரல்களுக்கும் பொதுவான ஒரு மொழி இருந்திருக்க வேண்டும். அந்த மொழியைத் தந்தவர் பில் அட்கின்சன். மெக்கின்டாஷ் நிரல்கள் பொதுவாக அவர் எழுதிய குவிக்டிரா நூலகத்தின் வழியாகவே திரையில் வரைந்தன. ‘இங்கே கோடு போடு, இங்கே செவ்வகத்தை நிரப்பு’ என்ற கட்டளைகளை நிறைவேற்றும்போதே அவற்றைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளவும் முடியும். அந்தப் பதிவுதான் பிக்ட் என்ற வடிவம். மெக்டிரா படத்தை நகலெடுக்கும்போது, கிளிப்போர்டு எனப்படும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது இந்தக் கட்டளைப் பட்டியல். வாங்கிக்கொண்ட நிரல் அதை மறுபடி ஓட்டிக்காட்டியது. முதல் மெக்கின்டாஷின் நினைவகம் 128 கிலோபைட்தான். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். ஆகவே ஒரு நிரலை மூடி இன்னொன்றைத் திறக்கும் இடைவெளியில் கிளிப்போர்டில் உள்ளதைத் தட்டில் எழுதிவைத்துக் காப்பாற்றும் ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது.

பிக்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எந்தெந்த வடிவங்கள் ஒரே குழு என்பது வரையும் கட்டளை அல்ல. ஆகவே கட்டளைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இதற்காகப் பட்டியலின் நடுவே குறிப்புரைகளைச் செருகும் வழி ஒன்று ஏற்பட்டது. புரிந்துகொள்ளும் நிரல் குறிப்பைப் படித்துக் குழுவை மீட்டெடுக்கும். புரியாத நிரல் அதைத் தாண்டிப்போகும். கிளிப்போர்டின் நிரந்தரச் சிக்கல் முதன்முதலில் தலைகாட்டிய இடம் இது. படம் எப்படித் தெரிகிறது என்பதை எல்லா நிரலுக்கும் கடத்திவிடலாம். படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கடத்துவது கடினம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்ததும் இந்த இடைவெளி மேலும் விரிந்தது. அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட அந்த அச்சு மொழியின்மேல் 1987-இல் இல்லஸ்ட்ரேட்டர் எழுந்தது. அதன் உயிர்நாடி பெசியே வளைகோடு. ரெனோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் பெசியேயின் பெயரால் வழங்கும் இந்தக் கோட்டில், நங்கூரப் புள்ளிகளும் அவற்றிலிருந்து நீளும் கைப்பிடிகளும் சேர்ந்து வளைவைத் தீர்மானிக்கின்றன. குவிக்டிராவுக்கு இந்த வளைகோடு தெரியாது. ஆகவே இல்லஸ்ட்ரேட்டருக்குள் ஓர் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது சிறு குறையும் இல்லாமல் வந்த ஓவியம், பிக்ட் வழியாக வெளியே போகும்போது தன் வளைவுகளின் துல்லியத்தை இழந்தது.

இல்லஸ்ட்ரேட்டர் தன் எல்லைக்குள் நகலெடுத்தலை ஒரு வரைகருவியாகவே வளர்த்தது. ஆல்ட் விசையை அழுத்தியபடி பொருளை இழுத்தால் மூலம் அங்கேயே இருக்க, கையோடு நகல் வரும். கிளிப்போர்டில் முன்பு வைத்தது கலையாது. கண்ட்ரோல் டி கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்யும். ஒரு பூவிதழை 30 பாகை திருப்பி நகலெடுத்துவிட்டு, இந்த விசையைப் பத்து முறை அழுத்தினால் பன்னிரண்டு இதழ்ப் பூ முழுமையாகிவிடும். எழுத்தில் இதற்கு ஈடான ஒன்று கிடையாது. நகலெடுத்தல் ஓவியத்துக்கென்றே தனிக் குணம் பெற்ற இடம் இதுதான்.

எங்கே ஒட்டுவது என்ற கேள்வியும் ஓவியத்துக்கே உரியது. எழுத்தில் கர்சர் நிற்கும் இடமே விடை. படத்தில் அகலமும் உயரமும் போதாமல், மேலா கீழா என்ற அடுக்கு வரிசையும் உண்டு. இதற்கு ஒவ்வொரு மென்பொருளும் வேறுவேறு விடை கண்டது. இல்லஸ்ட்ரேட்டர் சாதாரணமாகத் திரையின் நடுவில் ஒட்டும்; தேர்ந்தெடுத்த பொருளுக்குச் சற்று முன்னே, மூலம் இருந்த அதே இடத்தில் ஒட்ட கண்ட்ரோல் எஃப், பின்னே ஒட்ட கண்ட்ரோல் பி. கோரல்டிரா மூலம் இருந்த அதே இடத்தில் ஒட்டும். நகல் மூலத்தின் மேலேயே படிந்து கிடப்பதால், ஒட்டியதா இல்லையா என்று புதியவர்கள் திகைத்துப்போவதுண்டு. இங்க்ஸ்கேப் சுட்டி நிற்கும் இடத்தில் ஒட்டும். அதே இடத்தில் ஒட்ட அதற்குத் தனிக் கட்டளை. ஒரு மென்பொருளில் கை பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கனடாவின் ஒட்டாவா நகரிலிருந்து 1989-இல் வந்த கோரல்டிரா விண்டோஸ் இயங்குதளத்தில் வேரூன்றியது. மிஷெல் புயோன், பாட் பெர்ன் என்ற இரு பொறியாளர்கள் எழுதியது. தமிழ்நாட்டில் அச்சகங்களும் டிடிபி மையங்களும் கணினிக்கு மாறியபோது அவற்றில் நிலைபெற்ற மென்பொருள்களில் இதுவும் ஒன்று. திருமண அழைப்பிதழின் மயிலும் குத்துவிளக்கும் கிளிப் ஆர்ட் கோப்புகளிலிருந்து நகலாகி வந்து ஒட்டிக்கொண்டன. படங்கள் எளிதாக ஒட்டின. தமிழ் எழுத்துத்தான் தொல்லை கொடுத்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் அமர்ந்திருந்தன. நகலெடுத்துக் கொண்டுபோகும் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மணமக்களின் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இதற்குத் தொழிலில் இருப்பவர்கள் கண்ட தீர்வு, அச்சுக்கு அனுப்பும் முன் கண்ட்ரோல் கியூ அழுத்தி எழுத்தைக் ‘கர்வ்’ ஆக்குவது. எழுத்து எழுத்தாக இல்லாமல் வெறும் வளைகோடாகிவிடும். எந்தக் கணினியில் ஒட்டினாலும் உருவம் சிதறாது. ஆனால் அதன்பிறகு பெயரில் பிழை கண்டால் தட்டச்சில் திருத்த வழியில்லை. கர்வ் ஆக்காத பழைய பிரதியைத் தேடி எடுக்க வேண்டும், இல்லையேல் புதிதாக அடிக்க வேண்டும். யூனிகோடு வந்த பிறகும் பல அச்சகங்களில் இந்தப் பழக்கம் நீடிப்பதற்கு, கைவிட்டுப் போகும் கோப்பில் உருவம் சிதறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையே காரணம்.

விண்டோஸின் கிளிப்போர்டு படங்களைக் கடத்தப் பயன்படுத்திய மெட்டாஃபைல் வடிவமும் பிக்டைப் போலவே வரையும் கட்டளைகளின் பதிவுதான். அதன் பழைய பதிப்புக்கும் பெசியே வளைகோடு தெரியாது. கோரல்டிராவில் வழுவழுப்பாக வரைந்த வளைவு அதன் வழியே போனால் மறுமுனையில் நூற்றுக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக வந்து விழும். தொலைவிலிருந்து பார்க்க வளைவுதான். ஆனால் புள்ளிகளைத் திருத்தப் போனால் வேலை கெட்டது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த மேம்பட்ட மெட்டாஃபைல், வளைகோட்டை வளைகோடாகவே எடுத்துச்சென்று இந்தக் குறையைப் போக்கியது.

கிளிப்போர்டு ஒரே ஒரு பிரதியை வைத்திருக்கும் பெட்டி என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது ஒரே பொருளின் பல வடிவங்களைப் பட்டியலிட்டு வைக்கிறது: நிரலின் சொந்த வடிவம், மெட்டாஃபைல், பிக்சல் படம், வெறும் உரை. ஒட்டும் நிரல் தனக்குப் புரிவதில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைப்பதும் கட்டாயமில்லை. விண்டோஸில் ஒரு நிரல் ‘இந்த வடிவம் என்னால் தர முடியும்’ என்று வாக்கு மட்டும் கொடுத்துவிட்டு, யாராவது கேட்கும்போது தயாரித்துத் தரலாம். யூனிக்ஸ் உலகின் எக்ஸ் விண்டோ இதை எல்லைவரை கொண்டுபோனது. அங்கே நகலெடுக்கும்போது எதுவும் எங்கும் போவதில்லை. இப்போதைய உரிமையாளர் இந்த நிரல் என்ற அறிவிப்பு மட்டுமே நடக்கும். ஒட்டும்போதுதான் இரு நிரல்களும் பேசிக்கொள்ளும். நகலெடுத்த கையோடு மூல நிரலை மூடிவிட்டால், கிளிப்போர்டைக் காக்கத் தனி ஏற்பாடு இல்லாத பட்சத்தில், ஒட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

சுதந்திரமான நகல் இப்படி நிரல்களின் எல்லைகளைக் கடந்துகொண்டிருந்தபோது, கட்டுண்ட நகல் ஓவியர்களிடம் திரும்பி வந்தது. முதலில் அதை வரவேற்றது அசைவூட்டம். 1990-களின் இறுதியில் இணையத்தில் பரவிய ஃபிளாஷ், சிம்பல் என்ற மூலத்தையும் அதன் பதிவுகளையும் தன் அடித்தளமாகக் கொண்டது. தொலைபேசி மோடம் வழியாகப் படம் போக வேண்டிய காலத்தில் ஒரு மரத்தின் விவரத்தை ஒருமுறை மட்டும் அனுப்பி, காடு முழுவதையும் பதிவுகளாக்குவது பெரிய மிச்சம். சதர்லேண்டுக்கு நினைவகம் எப்படியோ, ஃபிளாஷுக்கு இணைப்பின் வேகம் அப்படி. 2001-இல் இல்லஸ்ட்ரேட்டரின் பத்தாம் பதிப்பிலும் சிம்பல் நுழைந்தது.

அதே 2001 செப்டம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் எஸ்விஜி என்ற திறந்த வெக்டர் வடிவத்தைத் தரநிலையாக அறிவித்தது. அதில் வடிவம் ஒவ்வொன்றும் படிக்கக்கூடிய உரை; ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளப் பெயர் தரலாம். ‘யூஸ்’ என்ற ஒரு குறி, அடையாளப் பெயரைச் சொல்லி முன்பு வரைந்த எதையும் மறுபடி வரவழைக்கும். கட்டுண்ட நகல், ஒரு நிறுவனத்தின் மென்பொருள் வசதி என்ற நிலையிலிருந்து பொது வடிவத்தின் இலக்கணமாக உயர்ந்தது.

இந்த இலக்கணத்தை முழுமையாகக் கையாண்டது, சோடிபோடி என்ற திறமூல நிரலிலிருந்து 2003-இல் பிரிந்து உருவான இங்க்ஸ்கேப். அதில் கண்ட்ரோல் டி அழுத்தினால் சுதந்திரமான நகல் வரும். ஆல்ட் டி அழுத்தினால் ‘குளோன்’ எனப்படும் கட்டுண்ட நகல் வரும். குளோனை நகர்த்தலாம், திருப்பலாம். புள்ளிகளைத் தொட முடியாது. மூலத்தின் நிறத்தை அமைக்காமல் விட்டுவைத்தால் ஒவ்வொரு குளோனுக்கும் வேறு நிறம் கொடுக்கலாம். மூலத்தை அழித்தால் என்ன ஆகும்? குளோன்களும் அழியலாம், அல்லது அந்த நொடியில் விடுதலை பெற்றுத் தனிப் பொருள்களாகலாம். இரண்டில் எது என்பதைப் பயனரே அமைப்புகளில் தீர்மானிக்கிறார். குளோன்களை ஓடுபோல் பரப்பும் கருவியும் உண்டு. ஒரு தளத்தில் வடிவம் மீண்டும் மீண்டும் வந்து நிரம்புவதற்குப் பதினேழு சமச்சீர் வகைகளே சாத்தியம் என்று ரஷ்யரான ஃபியோதரோவ் 1891-இல் நிறுவினார். அந்தப் பதினேழும் அந்தக் கருவியின் பட்டியலில் இருக்கின்றன. சதர்லேண்டின் அறுகோணப் பரப்பை இன்று எந்த மாணவரும் சில நொடிகளில் விரித்துவிடலாம்.

எஸ்விஜியில் ஒட்டுவது தோன்றுவதைவிடச் சிக்கலானது. ஒரு செவ்வகத்துக்கு இரு நிறக் கலப்பு பூசியிருந்தால் அந்தக் கலப்பின் விவரம் செவ்வகத்துக்குள் இருக்காது. கோப்பின் வேறொரு பகுதியில் தனிப் பெயரோடு இருக்கும். செவ்வகத்தை மட்டும் எடுத்துப்போனால் நிறம் பின்தங்கிவிடும். ஆகவே நகலெடுக்கும் நிரல் செவ்வகம் எதையெல்லாம் சுட்டுகிறதோ அதையெல்லாம் தேடி உடன் அனுப்ப வேண்டும். போய்ச் சேரும் ஆவணத்தில் அதே பெயரில் வேறொரு கலப்பு இருந்தால் புதிதாக வந்ததற்குப் பெயர் மாற்றி, அதைச் சுட்டும் இடங்களிலும் திருத்த வேண்டும். இதில் எங்காவது பிசகினால் நீலச் செவ்வகம் சிவப்பாக மாறி வந்து நிற்கும்.

2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா போன்ற வடிவமைப்புக் கருவிகள், கட்டுண்ட நகலுக்கும் சுதந்திரமான நகலுக்கும் இடையே ஒரு நடுவழியைப் பரவலாக்கின. செயலி ஒன்றின் பொத்தானை மூலமாக வரையறுத்தால், நூறு திரைகளில் உள்ள அதன் பதிவுகளில் ஒவ்வொன்றும் தன் எழுத்தையும் நிறத்தையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம். பிறகு மூலத்தின் விளிம்பை மாற்றினால் நூறு இடங்களிலும் விளிம்பு மாறும். அந்தந்தப் பொத்தானின் எழுத்து அப்படியே இருக்கும். பெரிய குழுக்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இதன் பயன் அளவிட முடியாதது. ஒருவர் செய்யும் திருத்தம் மற்றவர்களின் உழைப்பை அழிக்காமல் போய்ச் சேர்வது இதனால்தான்.

இக்கருவிகள் உலாவிக்குள் ஓடுவதால் கிளிப்போர்டு மறுபடி ஒரு தடையானது. பாதுகாப்புக் கருதி, வலைப்பக்கங்கள் கிளிப்போர்டில் வைக்கக்கூடிய வடிவங்களை உலாவிகள் உரை, எச்டிஎம்எல், பிக்சல் படம் போன்ற சிலவற்றுக்குள் அடக்கியிருந்தன. ஃபிக்மா தன் பொருள்களின் முழு விவரத்தையும் எழுத்துக் குறியீடாக்கி, எச்டிஎம்எல் துண்டு ஒன்றுக்குள் பொதிந்து வைத்து இதைக் கடந்தது. 2024-இல் குரோம் உலாவி எஸ்விஜியையும் கிளிப்போர்டில் எழுதவும் படிக்கவும் அனுமதித்தது. படத்துக்குள் ஒளிந்துவரக்கூடிய நிரல் துண்டுகளை அது அகற்றிவிடும். ஆனால் எஸ்விஜியும் எல்லாவற்றையும் எடுத்துச்செல்லாது. இல்லஸ்ட்ரேட்டரும் கோரல்டிராவும் வலைப்பின்னல்போல் பல புள்ளிகளில் நிறம் கலக்கும் வசதியைத் தருகின்றன. பரவலாகப் பயன்படும் எஸ்விஜி 1.1 பதிப்பில் அதற்கு ஈடான குறி கிடையாது. அப்படிப் பூசிய ஓவியம் எஸ்விஜி வழியாக இன்னொரு நிரலுக்குப் போகும்போது அந்தப் பகுதி பெரும்பாலும் பிக்சல் படமாகவே போய்ச் சேருகிறது. அங்கே அதன் புள்ளிகளைப் பிடித்து நிறத்தைத் திருத்த முடிவதில்லை.